ஆய்வகத் தாளும் மருந்துச் சீட்டும்

சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட் ஒன்றின் மேற்பகுதி நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். நோயாளியின் பெயர், வயது, மாதிரி வந்த நேரம், வளர்ந்த கிருமி ஈ.கோலி, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்ற கணக்கு. மீதிப் பக்கம் முழுக்க மருந்துப் பட்டியல்தான். பெரும்பாலும் ஆங்கில அகர வரிசைப்படி அமிக்காசினில் தொடங்கிப் பதினைந்து, இருபது பெயர்கள் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் என்ற மூன்றில் ஓர் எழுத்து. எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ இரண்டுக்கும் இடைப்பட்டது. நைட்ரோஃபுரான்டாயினுக்கு எதிரே எஸ். மெரோபெனத்துக்கு எதிரேயும் எஸ். முன்னது வீட்டிலிருந்தே சாப்பிடக்கூடிய மலிவான மாத்திரை, அதன் வேலை சிறுநீர்ப்பையோடு முடிந்துவிடும். பின்னது ஐசியூவில் வேறு வழியில்லாதபோது உயிர் காக்க வைத்திருக்க வேண்டிய ஊசி. தாளோ இரண்டையும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் அச்சடித்துத் தருகிறது. தகவலாக வரும் இந்தத் தாள் மருத்துவமனைக்குள் உத்தரவாக வேலை செய்கிறது, எதை அச்சடிப்பது என்று முடிவு செய்பவர் எதை எழுதுவது என்பதில் பாதியை முடிவு செய்துவிடுகிறார் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அப்படியானால் தாளின் வடிவத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருதி யோசிக்க வேண்டும்.

தென்சென்னைப் புறநகரில் இந்த வாதத்துக்குக் கூடுதல் வலு உண்டு. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவக் கல்லூரி, இருபது படுக்கை நர்சிங் ஹோம், ஒற்றை அறை கிளினிக் என எல்லா அளவிலும் மருத்துவம் நடக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறை அதே வளாகத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு மாடி ஏறிக் கேட்கலாம். சிறிய நர்சிங் ஹோமில் நிலைமை வேறு. சிறுநீரோ சீழோ பைக்கில் வரும் கலெக்ஷன் ஆளின் பெட்டியில் ஏறி, மெயின் ரோட்டில் நெரிசல் தாண்டி, வேறோர் இடத்தில் உள்ள பெரிய ஆய்வகத்துக்குப் போகிறது. இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் பி.டி.எஃப்.ஆக வாட்ஸ்அப்பில் திரும்பி வருகிறது. கையெழுத்திட்ட நுண்ணுயிரியலாளர் அந்த நோயாளியைப் பார்த்ததில்லை. மருந்து எழுதும் டூட்டி டாக்டர் அந்த நுண்ணுயிரியலாளரிடம் பேசியதில்லை. இருவருக்கும் நடுவே பேசுவது அந்தத் தாள் ஒன்றுதான். அதே பி.டி.எஃப். உறவினர் கைபேசிக்கும் போய்விடுவதால், 'சார், இதுல எஸ்னு போட்டிருக்கே, அந்த ஊசியையே போட்டுடுங்களேன்' என்று கேட்கும் குரலும் சேர்ந்துகொள்கிறது.

தாளின் வடிவம் மருத்துவரின் கையை நகர்த்துகிறது என்பது வெறும் ஊகம் இல்லை. தென்மேற்கு இங்கிலாந்தில் ஆய்வகங்கள் சிறுநீர் ரிப்போர்ட்டில் இடம்பெறும் மருந்தை மாற்றியபோது குடும்ப மருத்துவர்கள் எழுதும் மருந்தும் அதே திசையில் நகர்ந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில் பயிற்சி மருத்துவர்களிடம் ஒரே நோயாளிக் கதைகளைக் கொடுத்து, சிலருக்கு முழுப் பட்டியலும் சிலருக்குத் தேர்ந்தெடுத்த சில மருந்துகளும் உள்ள ரிப்போர்ட்டைத் தந்தார்கள். குறும்பட்டியல் பெற்றவர்களின் தேர்வு சிகிச்சை வழிகாட்டிக்கு நெருக்கமாக இருந்தது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து 2018இல் வந்த ஆய்வு. நிமோனியா நோயாளியின் சளியில் நோய்க்கிருமி எதுவும் வளராதபோது, 'இயல்பான சுவாசப்பாதைக் கிருமிகள் மட்டும்' என்று அதுவரை எழுதிவந்தார்கள். அதோடு 'ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இல்லை, சூடோமோனாஸ் இல்லை' என்பதையும் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். பரிசோதனையில் மாற்றமில்லை, கிருமியில் மாற்றமில்லை. வாக்கியம் மட்டும் மாறியது. கடுமையான ஆண்டிபயாடிக்கைக் குறைத்த அல்லது நிறுத்திய நோயாளிகள் 39 சதவீதத்திலிருந்து 73 சதவீதமாக உயர்ந்தார்கள். சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்கள் 31 சதவீதத்திலிருந்து 14ஆகக் குறைந்தார்கள். பழைய வாக்கியத்திலும் அதே பொருள் இருந்ததை நுண்ணுயிரியல் படித்தவர் அறிவார். இரவு பதினொரு மணிக்கு வார்டில் நிற்பவருக்கு அது எட்டவில்லை.

2014இல் வெளியான டொராண்டோ ஆய்வில் இன்னும் ஒரு படி போனார்கள். சிறுநீர்க் குழாய் பொருத்தப்படாத உள்நோயாளிகளின் கல்ச்சர் முடிவைத் தாமாக அனுப்பவே இல்லை. தொற்றுக்கான அறிகுறி இருந்தால் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைக்கவும் என்று மட்டும் எழுதினார்கள். அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்தவர்களில் ஆண்டிபயாடிக் பெற்றோர் 48 சதவீதத்திலிருந்து 12 சதவீதமானார்கள். ஆய்வில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான். அதை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனால் அந்த ஆய்வு தொட்ட விஷயம் நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தும். வயதானவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். எரிச்சல், காய்ச்சல், வலி எதுவும் இல்லையென்றால், கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்களையும் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மருந்து தேவையில்லை. ஆனால் முழங்கால் அறுவைக்கு முன்னாலும், மாஸ்டர் செக்கப்பிலும், காரணமே இல்லாமலும் சிறுநீர் கல்ச்சர் எழுதப்படுகிறது. வந்த தாளில் கிருமியின் பெயரும் இருபது மருந்தும் இருக்கும்போது, ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப எந்த மருத்துவருக்கும் துணிச்சல் வராது. இலை நிறையப் பரிமாறிவிட்டு எதையும் தொடாமல் எழுந்திரு என்று சொல்வதைப் போன்றது அது.

இங்கே வரும் முதல் ஆட்சேபம் கனமானது. மருத்துவருக்குத் தெரிய வேண்டியதை மறைக்க ஆய்வகம் யார்? பரிசோதித்ததை அப்படியே தருவதுதானே அதன் கடமை? இந்தக் கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: தாளில் உள்ள எழுத்து கலப்படமற்ற உண்மை என்ற எண்ணம். ஆய்வக மேசையில் உண்மையில் நடப்பது இது. முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை வைத்து, இரவு முழுக்க 35 டிகிரியில் வைத்தெடுத்தால், ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டம் தெரியும். டெக்னீஷியன் அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் அளக்கிறார். உண்மை அந்த மில்லிமீட்டர்தான். எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் எஸ் என்பதை ஒரு நிபுணர் குழு முடிவு செய்கிறது, அவ்வப்போது மாற்றியும் விடுகிறது. அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. நிறுவனம் 2010இல் குடல்வகைக் கிருமிகளுக்கு மெரோபெனம், இமிபெனம் ஆகியவற்றின் எல்லையை இறுக்கியது. முந்தைய ஆண்டு எஸ் வாங்கிய அதே கிருமி அந்த ஆண்டு வாங்கவில்லை. கடைசிக் கையிருப்பான கோலிஸ்டினுக்கு 2020இல் எஸ் என்ற வகையையே எடுத்துவிட்டது. ஐரோப்பியக் குழு 2019இல் 'ஐ' என்பதற்கு, அளவைக் கூட்டிக் கொடுத்தால் கேட்கும் என்று புதுப்பொருள் தந்தது.

மறைப்பதும் புதிதில்லை. டைஃபாய்டு கிருமியைத் தட்டில் வளர்த்தால் ஜென்டாமைசின் வில்லையைச் சுற்றி அழகான வட்டம் விழும். ஆனால் அந்தக் கிருமி உடலில் செல்களுக்குள்ளே குடியிருப்பதால் அந்த ஊசியால் நோய் தீராது. ஆகவே டைஃபாய்டு கிருமிக்கு ஜென்டாமைசினை எஸ் என்று ரிப்போர்ட் செய்யக் கூடாது என்பது நெடுங்கால விதி. சளியில் வளர்ந்த கிருமிக்கு டாப்டோமைசினைக் காட்டுவதில்லை. நுரையீரலின் மேற்பூச்சுத் திரவம் அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர் ரிப்போர்ட்டில் மட்டும் வரும். இவற்றை எந்த மருத்துவரும் தகவல் உரிமை மீறலாகக் கருதியதில்லை. இப்போது கேட்கப்படுவதும் அதன் நீட்சிதான்: முதல்நிலை மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்பட்டால் அவற்றை மட்டும் அச்சடி, கட்டுப்படாவிட்டால் அடுத்த படியைத் திற. ஆய்வகக்காரர்கள் கேஸ்கேட் என்று சொல்லும் இந்த முறையில் எந்த முடிவும் அழிவதில்லை, கேட்டால் கிடைக்கும். 2017இல் வெளியான ஐரோப்பியக் கணக்கெடுப்பில் 36 நாடுகளில் 11 மட்டுமே இதைக் கடைப்பிடித்தன என்பதையும் சொல்ல வேண்டும். நாம் மட்டும் பின்தங்கிக் கிடக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆய்வகத் தாளே சிகிச்சையைத் தீர்மானிக்கும் என்பதற்குத் தாம்பரம் சானடோரியத்தின் வரலாறு துணை நிற்கிறது. டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கி, 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்தக் காசநோய் மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இந்தியாவில் அரசு இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அன்று மருந்து தொடங்குவதைப் பெரும்பாலும் தீர்மானித்தது சி.டி.4 எண்ணிக்கை என்ற ஒற்றை ஆய்வக எண். எல்லை முதலில் 200, பிறகு 350. 2017இல் எண் எதுவானாலும் எல்லோருக்கும் மருந்து என்றானது. காசநோயில் சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்வதும் இரண்டே செய்திகள்: கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா. அந்தத் தாளைப் பார்த்து யாரும் தம் விருப்பப்படி மருந்து பொறுக்குவதில்லை. கேள்வி ஒன்று, பதில் ஒன்று, அதற்கான சிகிச்சை முறையும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அதே ஜி.எஸ்.டி. சாலையில் கொஞ்ச தூரம் தள்ளி, பொது வார்டின் சளி கல்ச்சர் ரிப்போர்ட்டில் லீவோஃப்ளாக்சசின் எஸ், லினிசோலிட் எஸ் என்று சாதாரணமாக அச்சாகிறது. லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். இருமலோடு வந்தவருக்கு அதை ஒரு வாரம் கொடுத்தால் நோய் மறைந்து நின்று, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு 2024இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த ஆறு மாதச் சிகிச்சையின் நான்கு மருந்துகளில் லினிசோலிட் ஒன்று, மாக்சிஃப்ளாக்சசின் இன்னொன்று. காசநோய் இன்னும் தீராத ஊரில் ஒரு சாதாரணப் புண்ணுக்கு லினிசோலிட்டைப் பட்டியலில் காட்டுவது காசநோய்த் திட்டத்தின் கையிருப்பில் கைவைப்பதற்குச் சமம்.

அடுத்த ஆட்சேபம் இந்தியாவின் நிலவரத்திலிருந்து வருகிறது. கிருமிகள் இன்னும் பணியும் நாடுகளில் இதெல்லாம் சரி. இங்கே முதல்நிலை மருந்து எல்லாமே ஆர் என்று வந்தால் படிகள் தாமாகவே திறந்துகொண்டே போய்க் கோலிஸ்டினில்தானே முடியும்? இதில் நியாயம் இருக்கிறது. மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனங்களை முறிக்கும் என்.டி.எம்-1 (என்.டி. என்றால் நியூ டெல்லி) நொதி பற்றி 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த புகழ்பெற்ற ஆய்வின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அதில் சென்னையிலிருந்து 44 கிருமிகள், ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37. டெல்லியின் பெயர் ஒட்டிக்கொண்டதைப் பற்றி நடந்த சண்டையில் சென்னையின் எண்ணைப் பலர் கவனிக்கவே இல்லை. ஐ.சி.எம்.ஆர். கண்காணிப்பு வலையமைப்பின் கணக்குப்படி இமிபெனத்துக்குக் கட்டுப்படும் ஈ.கோலி 2017இல் 81 சதவீதமாக இருந்து 2023இல் 63 சதவீதத்துக்கு அருகில் வந்தது. கிளெப்சியெல்லா 58இலிருந்து 36க்குச் சரிந்தது. வென்டிலேட்டரில் இருப்பவரின் ரத்தத்தில் கிளெப்சியெல்லா வளர்ந்தால், படிப்படியான ரிப்போர்ட்டால் சேமிக்க அதிகம் இல்லை. அங்கே ஆய்வகம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், போனிலும் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தச் சதவீதங்களைப் படிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். அந்த வலையமைப்பில் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளே உள்ளன. ஒரு நர்சிங் ஹோமிலும் அறிகுறியோடு வருபவர்களில் கல்ச்சர் எழுதப்படுவது பெரும்பாலும் முதல் மருந்து கேட்காதவருக்குத்தான். செலையூரிலோ மேடவாக்கத்திலோ முதல்முறை சிறுநீர் எரிச்சலோடு வந்து, மூன்று நாள் மாத்திரையில் குணமான பெண்ணின் கிருமி எந்தத் தட்டிலும் வளர்வதில்லை, எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கும் என்று தொகுக்கும் அட்டவணைதான் ஆண்டிபயோகிராம்; தேறாதவர்களை மட்டும் எண்ணிச் செய்தால் அது எதிர்ப்பை மிகைப்படுத்திக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்த மருத்துவர் முதல் நாளே பெரிய மருந்துக்குப் போவார். ஆண்டிபயோகிராமும் ஆய்வக ரிப்போர்ட்தான். புறநோயாளிச் சிறுநீரையும் ஐசியூ ரத்தத்தையும் ஒரே அட்டவணையில் கலக்காமல், ஒரு நோயாளிக்கு ஒரு கிருமி என்ற கணக்கில், முப்பதுக்குக் குறையாத எண்ணிக்கை இருந்தால் மட்டும் சதவீதம் போட வேண்டும் என்று அதற்கான விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. சிறிய ஆய்வகங்களில் அந்த எண்ணிக்கை சேராது. பக்கத்து மருத்துவமனைகள் சேர்ந்து ஒன்றாகத் தொகுக்கலாம்.

இதற்கும் மேலே ஒரு கேள்வி: புறநகரில் ஆண்டிபயாடிக் எழுதப்படும்போது கல்ச்சர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் இல்லை. அதனால் ஆய்வகத்துக்கு இதில் பங்கில்லை என்று ஆகிவிடாது. கல்ச்சர் இல்லாத இடத்தில் வைடால் இருக்கிறது. 1896இல் வந்த இந்தச் சோதனை நோயாளியின் ரத்தத்தில் டைஃபாய்டுக்கு எதிரான பொருள்கள் உள்ளனவா என்று பார்க்கிறது. முன்பு எப்போதோ வந்துபோன டைஃபாய்டு, போட்ட தடுப்பூசி, வேறு கிருமிகள் எல்லாமே அதை உயர்த்தும். மழைக்காலத்தில் முடிச்சூர் பக்கம் காய்ச்சலோடு வருபவருக்கு டெங்குவாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஒரே ஒருமுறை எடுத்த வைடாலில் 1:80 என்று வந்து, ஆய்வகம் 'பாசிட்டிவ்' என்று அச்சடித்துவிட்டால், செஃப்ட்ரையாக்சோன் ட்ரிப்ஸ் ஏறிவிடும். இந்த வட்டாரத்தில் வைடால் அளவுக்கு அநாவசிய ஊசியை வரவழைத்த ஆய்வகத் தாள் வேறில்லை என்பது என் கணிப்பு. 'ஒற்றைச் சோதனையை வைத்து டைஃபாய்டு என்று முடிவு செய்ய இயலாது; ஆண்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் எடுக்கவும்' என்ற வரியை எண்ணுக்கு மேலே அச்சிட ஒரு பைசா செலவில்லை. ரத்தக் கல்ச்சரில் டைஃபாய்டு உறுதியானவர்களுக்கும் தாளில் ஒரு நல்ல செய்தி காத்திருக்கிறது: கைவிடப்பட்ட கோட்ரைமாக்சசோல், ஆம்பிசிலின் போன்ற பழைய மருந்துகளுக்கு இந்தியாவின் டைஃபாய்டு கிருமிகள் மறுபடி பெருமளவு கட்டுப்படுகின்றன. அந்தப் பெயர்களைப் பட்டியலின் அடியில் புதைக்கக் கூடாது.

ஒரு மருந்தை மறைத்தால் மருத்துவர் இன்னொன்றுக்கு ஓடுவார் என்பது இன்னுமோர் ஆட்சேபம். அதற்கும் சான்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு மருத்துவமனை சிப்ரோஃப்ளாக்சசினை மறைத்தபோது அதன் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஏறியது. ஆகவே எதை மறைப்பது என்பதோடு, அந்த இடத்தில் எதை முன்னால் வைப்பது என்றும் முடிவு செய்துதான் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இது மருந்துக் கிடங்கோடும் சம்பந்தப்பட்டது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அனுப்பும் பட்டியலில் இல்லாத ஊசியை எஸ் என்று அச்சடித்தால், உறவினர் சீட்டோடு வெளிக்கடைக்கு ஓடுவார். தனியார் ஆய்வகத்தின் சிக்கல் வேறு: போட்டி ஆய்வகம் இருபது மருந்து காட்டும்போது தான் ஆறு காட்டினால், காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்ததாகப் பெயர் வரும். ஓர் ஆய்வகம் தனியாக இதைச் செய்து தாக்குப்பிடிக்காது. தரச்சான்று தரும் அமைப்புகள் அனைவருக்கும் ஒன்றாக விதித்தால்தான் இந்தப் பயம் நீங்கும். ஆண்டிபயாடிக் எதிர்ப்பைப் பற்றிய 2012 சென்னைப் பிரகடனத்தின் விவாதங்களுக்குப் பின் 2014இல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை மருந்துக்கடைக்குத் தனிப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. கடையைக் கட்டுப்படுத்த விதி வந்துவிட்டது. கடைக்குப் போகும் சீட்டைத் தூண்டும் தாளுக்கு அத்தகைய கட்டாயம் ஏதும் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனைகள் இரண்டு. முதலாவது, மாதிரி சரியாக வர வேண்டும். இரண்டு நாள் ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தம், வெயிலில் மூன்று மணி நேரம் பைக் பெட்டியில் கிடந்த சிறுநீர், சர்க்கரைப் புண்ணின் மேற்பரப்பை மட்டும் துடைத்த பஞ்சு ஆகியவற்றிலிருந்து வரும் ரிப்போர்ட்டை எவ்வளவு நயமாக எழுதினாலும் பயனில்லை. 'மேலோட்டமான துடைப்பு, இதில் வளர்ந்தது நோய்க்குக் காரணம் என்று கொள்ள முடியாது, திசு மாதிரி அனுப்பவும்' என்று எழுதி, மருந்துப் பட்டியல் எதையும் தராமல் திருப்பி அனுப்பும் உரிமை ஆய்வகத்துக்கு வேண்டும். இரண்டாவது, போனை எடுக்க ஆள் வேண்டும். மருந்துகளை மறைத்து அச்சடிக்க மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். மறைத்ததைக் கேட்கும் டூட்டி டாக்டருக்கு இரவு ஒன்பது மணிக்கு விடை சொல்ல, இருபது நர்சிங் ஹோமுக்கு ரிப்போர்ட் தரும் ஆய்வகம் நுண்ணுயிரியலாளர் ஒருவருக்கு முறைவைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை ஏற்காமல் பட்டியலை மட்டும் சுருக்கும் ஆய்வகத்தைப் பொறுத்தவரை, தகவலை மறைக்க நீ யார் என்ற முதல் ஆட்சேபம் முழுக்க முழுக்கச் சரியானதே.